குர்லாவுக்கு முன்னால் நின்ற வண்டி

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மாட்டுங்காவில் நாங்கள் நடத்திவரும் சிறிய தமிழ் மன்றத்தின் செயற்குழு கூடி, இரங்கல் கூட்டங்களில் இதுவரை இரண்டு நிமிடமாக இருந்த மௌன அஞ்சலியை இனி ஒரு நிமிடமாகக் குறைப்பது என்று முடிவு செய்தது. மன்றத்தின் வரலாற்றில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடிய முடிவு, ஆண்டு விழாவில் போண்டாவுக்குப் பதில் சமோசா என்று தீர்மானித்ததுதான். அதற்கே இருவர் விலகினார்கள். இம்முறை யாரும் விலகவில்லை. இரண்டாவது நிமிடத்தில் இருமல் தொடங்கிவிடுகிறது, கைப்பேசிகள் பாடுகின்றன, உறுப்பினர்களின் முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களுக்குப் பின் அதே அரங்கை எடுத்திருக்கும் பரதநாட்டிய வகுப்பின் ஆசிரியை நேரம் தவறாதவர் என்று தலைவர் ராமபத்ரன் விளக்கினார்.

"மனசுல துக்கம் இருந்தா ஒரு நிமிஷம் போறும். இல்லேன்னா ரெண்டு நிமிஷமும் வேஸ்ட்தான்," என்றார்.

செயலாளர் என்ற முறையில் நான் அதை எழுதிக்கொண்டேன். இந்தத் தீர்மானம் முன்பு வந்தபோதெல்லாம் அதைத் தோற்கடித்தவர் குழுவில் ஒருவர் உண்டு. அன்று அவர் வரவில்லை. அவர் வராததால்தான் தலைவர் அதை எடுத்தார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

தீர்மானம் நிறைவேறி, சமோசா வந்துகொண்டிருந்தபோது என் கைப்பேசி அடித்தது. செம்பூரிலிருந்து அவருடைய மகள் காவேரி.

"அங்கிள், அப்பா போயிட்டாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு சோஃபால கண்ணை மூடி உக்காந்திருந்தாங்க. ரெஸ்ட் எடுக்கறாங்கன்னு நெனச்சு டிஸ்டர்ப் பண்ணல. மீட்டிங்குக்கு லேட் ஆகுதேன்னு எழுப்பப் போனேன்…"

டாக்டர் இசக்கிமுத்து காலமானார். நாங்கள் குறைத்து வைத்த மௌனம் முதலில் அவருக்கே உரியதாயிற்று.

அவரை அறியாதவர்களுக்குச் சில விவரங்கள். அவர் தாராவியில் பிறந்தவர். தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். மகன் நரம்பியல் மருத்துவரானார். தேவ்நார் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் பிரிவை ஓய்வு பெறும்வரை கவனித்துக்கொண்டார். தலை முழுவதும் சிறு உலோகத் தகடுகளைப் பசையால் ஒட்டி, மூளையின் மின்னசைவுகளைக் கோடுகளாக வாங்கும் சோதனை அது. படித்தவர்கள் ஈஈஜி என்பார்கள். தாராவியில் "தலைக்கு வயர் வைக்கிறது" என்பார்கள். டாக்டருக்கு இரண்டாவது பெயர்தான் பிடிக்கும்; அதில் நடப்பது என்ன என்பதாவது தெரிகிறது என்பார்.

எங்கள் மன்றத்துக்கு அவர் உறுப்பினராக வரவில்லை, ஆள் தேடி வந்தார். மாணவர்களுக்குக் காட்ட, நோயில்லாத, விழித்திருக்கிற, ஆனால் எதுவும் செய்யாமலிருக்கிற மூளைகளின் பதிவுகள் அவருக்குத் தேவைப்பட்டன. மருத்துவமனையில் விழித்திருப்பவர்கள் எல்லோரும் பதற்றத்தில் இருந்தார்கள், பதற்றமில்லாதவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ மன்றத்தின் செயற்குழுவைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

"பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணும் செய்யாம இருக்கணும். தூங்கப்பிடாது. அவ்வளவுதான்," என்றார்.

செயற்குழு ஒருமனதாக முன்வந்தது. இதைவிடத் தகுதியான பணி எங்களுக்கு அதுவரை வந்ததில்லை.

தலைவர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். "இதுல நாம என்ன நினைக்கறோம்னு தெரியுமா, டாக்டர்?"

"தெரியாது சார். முழிச்சிருக்கீங்களா, தூங்குறீங்களா, அதத்தான் அது சொல்லும். யாரத் திட்டுதீங்கன்னு சொல்லாது."

"அப்போ சரி," என்று தலைவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணெய் இருந்தால் தகடு ஒட்டாது. குறிப்பிட்ட சனிக்கிழமை காலையில் நாங்கள் எல்லோரும் முறைப்படி தலைக்குக் குளித்தோம். பிறகு, வெளியே போகிறோமே என்று முறைப்படி உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் தடவி வாரிக்கொண்டு கிளம்பினோம். பதிவு அறையில் சுபாங்கி என்ற மராட்டியப் பெண்மணி தகடுகளை ஒட்டுபவர். அவர் ஒட்ட ஒட்ட, தகடுகள் ஒவ்வொன்றாகத் தலைவரின் தோளில் வந்து இறங்கின. சுபாங்கி விரலை முகர்ந்து பார்த்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"சார், எண்ணெய் வேண்டாம்னுதான சொன்னேன்?" என்றார் டாக்டர்.

"எண்ணெய் இல்லாத தலையோட எப்படி டாக்டர் தெருவுல இறங்கறது? துக்கத்துக்குப் போறவா மாதிரி இருக்காதோ?" என்றார் தலைவர்.

மருத்துவமனைக் குளியலறையில், தேவ்நாரில் வாங்கிய ஷாம்பூவால், மன்றத்தின் தலைமைப் பொறுப்பாளர்கள் எல்லோரும் அன்று இரண்டாம் முறையாகத் தலைக்குக் குளித்தார்கள்.

என் முறை வந்தபோது டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கண்ணைத் திறந்திருக்கும்போது கோடுகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. மூடியதும், தலையின் பின்பக்கத்துக் கோடுகளில் சீப்பின் பற்களைப் போல ஒரே சீரான அலைகள் எழுந்ததைப் பிறகு பதிவில் பார்த்தேன். நொடிக்குச் சுமார் பத்து. ஆல்ஃபா என்று பெயர். விழித்திருந்து, கண்ணை மூடி, அமைதியாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வருவது. தூக்கம் நெருங்கினால் அது கரைந்து, மெதுவான அலைகள் வந்துவிடும். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் இடையில், இரண்டிலும் சேராத ஒரு நிலையின் கையெழுத்து அது. அந்த நிலையைத்தான் டாக்டர் வாழ்நாள் முழுவதும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"இந்த இடத்துல என்ன நெனச்சீரு?" என்று என் பதிவில் ஓரிடத்தைத் தொட்டுக் கேட்டார்.

"ஒன்றும் நினைக்கவில்லையே. இது நினைப்பைக் காட்டாது என்றீர்களே?"

"நெனப்பக் காட்டாதுவே. நெத்தியச் சுருக்கினாக் காட்டும். பத்து நிமிஷத்துல நாலு மட்டம் நெத்தியச் சுருக்கியிருக்கீரு."

போன ஆண்டு விழாவில் என் கையிலிருந்து மைக்கை வாங்கியவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டேன். டாக்டர் வியக்கவில்லை.

"சும்மா இருக்குற ஆளு உண்டு. சும்மா இருக்குற மூளை கெடையாது. கையில வேல இல்லன்னா உடனே அது நம்மள எடுத்து வச்சுக்கிட்டுப் பேசும். நடந்தது, நடக்கப்போறது, எவன் என்ன சொன்னான். வேல செய்யும்போது ஆகுற செலவுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல."

டாக்டர் தம்முடைய பதிவையே எடுத்துப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"பாத்தேன். ஆல்ஃபா சரியா வரல. மெஷின் ஒழுங்கா ஓடுதான்னே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அவர் மன்றத்தில் உறுப்பினரானது அதற்குப் பிறகுதான். நல்ல உறுப்பினர் என்று சொல்ல முடியாது. மற்றவர் பேச்சில் குறுக்கிடுவார். சொற்பொழிவுகளின்போது பேச்சாளரைப் பார்க்காமல் கேட்பவர்களைப் பார்ப்பார். யார் எந்த வாக்கியத்தில் தூங்கினார்கள் என்று தேநீர் இடைவேளையில் பேச்சாளருக்கே தெரிவிப்பார். இதனால் சில அறிஞர்கள் எங்கள் அழைப்பை மறுத்தார்கள். வருகை குறையவில்லை.

இனி சுடலைமணியின் விஷயம். டாக்டரைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சுடலைமணி தாராவியில் வசிப்பவர், ஐரோலியில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். உச்சியில் ஒரு இரும்புக் கூண்டில் உட்கார்ந்து, கீழே ஆட்கள் நிற்க, டன் கணக்கான எடையை நகர்த்த வேண்டும். கிரேன் ஓட்டுகிறவர் என்பதால் எங்கள் விழாக்களில் மேடைத் திரையை இழுக்கும் பொறுப்பு அவருக்குத்தான். வேறு யார் கயிற்றைத் தொட்டாலும் திரை பாதியில் நின்றுவிடும்.

ஒரு கோடைப் பகலில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்குப் போன சுடலைமணி, கிரேனிலிருந்து இறங்கி வந்து ஏணியடியில் மயங்கி விழுந்தார். வலிப்பாக இருக்குமோ என்று நிர்வாகம் சந்தேகித்தது. வெளியே ஓரிடத்தில் மூளைப் பதிவு எடுத்தார்கள். 'கூரிய அலைகள் தென்படுகின்றன, வலிப்புக்கு வாய்ப்புண்டு' என்று அறிக்கை வந்தது. அவரைக் கிரேனிலிருந்து இறக்கி, வாசலில் வண்டி எண் எழுத உட்கார வைத்தார்கள். வலிப்பு இல்லை என்று தெளிவான பதிவோடு வந்தால் மறுபடி ஏறலாம். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார்.

சுடலைமணியை நான்தான் டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் பழைய பதிவைப் புரட்டிப் பார்த்தார்.

"இது வலிப்பு மாதிரித் தெரியல. இந்த மனுஷன் தூங்கப்போறாரு. தூக்கம் சொக்கும்போது உச்சந்தலப் பக்கம் இப்படிக் கூரா வரும், அது சகஜம். முழிச்சிருக்குறவருன்னு நெனச்சு வாசிச்சிருக்காங்க. ஆனா நான் சொன்னா மட்டும் போதாது. முழிச்சிருக்கும்போது எப்படி இருக்குன்னு காட்டணும். அது இதுல ஒரு பக்கம்கூட இல்ல."

ஒரு பக்கம் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். சுடலைமணியைப் படுக்க வைத்து, தகடுகளை ஒட்டி, சுபாங்கி சொன்னார்: "ஆங்க் பந்த் கரோ. சோனா நஹீ."

கண்ணை மூடு, தூங்காதே. சுடலைமணி முதல் பாதியைச் செய்தார். இரண்டாவது பாதி அவருக்கு எட்டும் முன்பே தூங்கிவிட்டார்.

எழுப்பினார்கள். தூங்கினார். மறுநாள் வரச் சொன்னார்கள். தூங்கினார். மூன்று ஷிப்டில் மாறி மாறி வேலை செய்கிற அவருக்கு, கண்ணை மூடுவது என்றால் தூங்குவது. விழித்திருப்பது என்றால் வேலை. இடையிலுள்ள அந்த நிலைக்கு அவர் வாழ்க்கையில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. செயற்குழுவில் நாங்கள் ஒவ்வொருவரும் தேவைக்கு அதிகமாக வைத்திருந்த பொருள் அவரிடம் துளிகூட இல்லை.

பேச்சுக் கொடுத்தால் விழித்திருப்பார் என்று அவர் மனைவி பேச்சியம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ரேஷன் கடையில் நடந்த சண்டையை அவர் விவரிக்கத் தொடங்கினார். சண்டை கைகலப்பை எட்டும் முன் சுடலைமணியின் ஆல்ஃபா கரைந்தது.

"நான் வாயத் தொறந்தாலே தூங்கிருவாவ டாக்டரய்யா. கல்யாணம் ஆனதுலேருந்து பழக்கம்," என்றார் பேச்சியம்மாள். "நான் பேசலேன்னாத்தான் என்னமோ ஏதோன்னு முழிச்சிப் பாப்பாவ."

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பி, கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மன்றத்தின் ஆண்டறிக்கை இருந்தது. வாசிக்கச் சொன்னார். முதல் பத்தி முடிவதற்குள் தமிழ் அறியாத சுபாங்கியும் கொட்டாவி விட்டார். அந்த முயற்சி கைவிடப்பட்டது.

சுடலைமணி எழுந்து உட்கார்ந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "விட்ருங்க டாக்டரய்யா. வாசல்லயே இருந்துட்டுப் போறேன். ஒங்களுக்கும் செரமம்," என்றார்.

"வாசல்ல எத்தன நாளைக்கிருப்பீரு? ஒப்பந்தம் முடிஞ்சா?"

பேச்சியம்மாள் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "டிரெயின்ல தூங்குவீரா?"

"எடம் கெடச்சா கண்ண மூடிருவேன்."

"எறங்குற ஸ்டேஷன என்னிக்காவது விட்டிருக்கீரா?"

சுடலைமணிக்குக் கோபம் வந்தது. அன்று முதல்முறையாக அவர் முழுமையாக விழித்ததை நான் பார்த்தேன். "அதெப்படி விடுவேன்? கண்ணுதான மூடியிருக்கு? காது ஸ்டேஷனப் பாத்துக்கிட்டுல்லா இருக்கும்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "படும்வே," என்று படுக்கையைக் காட்டினார்.

ஐரோலியிலிருந்து தாணே வந்து, அங்கே வண்டி மாறி, சயானில் இறங்குவது சுடலைமணியின் அன்றாட வழி. டாக்டர் அவர் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். சுடலைமணி கண்ணை மூடினார். டாக்டர், அடுத்த நிலையத்தை வண்டியில் இந்தியில் அறிவிக்கும் குரலில், மிக நிதானமாகச் சொன்னார்: "அக்லா ஸ்டேஷன், முலுண்ட்."

கோடுகளில் சீப்பின் பற்கள் எழுந்தன. தேயவில்லை.

"அக்லா ஸ்டேஷன், நாஹூர்."

சுபாங்கி வாயைப் பொத்திக்கொண்டார். பாண்டுப், காஞ்சூர்மார்க், விக்ரோலி. ஒவ்வொரு நிலையத்துக்கும் நடுவில் உண்மையான வண்டி எடுத்துக்கொள்ளும் நேரத்தை டாக்டர் எடுத்துக்கொண்டார். சுடலைமணி கண்ணை மூடி, கைகளை வயிற்றின் மேல் வைத்து, விழித்திருந்தார். காட்கோபரில் கூட்டம் ஏறியிருக்க வேண்டும். தோளைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டார். வித்யாவிஹார் வந்தது.

"அக்லா ஸ்டேஷன், குர்லா," என்றதும் சுடலைமணி எழுந்து உட்காரப் போனார். குர்லாவில் எழுந்து கதவுப் பக்கம் நகராவிட்டால் சயானில் இறங்க முடியாது. இது அந்த வழியில் போகிற எல்லோருக்கும் தெரியும். தகடுகள் பிடுங்கிக்கொண்டு வரப் பார்த்தன. சுபாங்கி பாய்ந்து தோளைப் பிடித்தார். கம்பெனியை நம்ப வைக்க அரை மணி நேரப் பதிவாவது வேண்டும் என்றிருந்தார் டாக்டர்; அது இன்னும் ஆகவில்லை.

டாக்டர் குரலை மாற்றாமல் சொன்னார்: "வண்டி நின்னுட்டு. சிக்னல் விழல."

சுடலைமணி மெல்லச் சாய்ந்து படுத்தார். அவருக்கு இது புதிதல்ல. வித்யாவிஹாருக்கும் குர்லாவுக்கும் நடுவில் நிற்கும் வண்டியில் ஒருவர் செய்யக்கூடியது எதுவும் கிடையாது. எழுந்து பயனில்லை, தூங்கவும் முடியாது, எந்த நேரமும் கிளம்பிவிடும். யாரைக் கோபித்துக்கொள்வது என்றும் தெரியாது. அவர் நெற்றி சுருங்கவில்லை. திரையில் பின்தலைக் கோடுகள் பக்கம் பக்கமாக ஒரே சீராக ஓடின. கூரிய அலை ஒன்றுகூட இல்லை. செயற்குழுவில் எவருடைய பதிவும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்று டாக்டர் பிறகு தலைவரிடமே சொன்னார்.

"போதும்," என்று அவர் சொல்லும்வரை வண்டி நின்றுகொண்டிருந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டார். சுடலைமணி தூங்கினார், தூக்கம் சொக்கும்போது மட்டும் அந்தக் கூரிய அலைகள் வந்தன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து டாக்டர் அறிக்கை எழுதினார்.

கம்பெனி டாக்டர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். கண்ணை மூடியதும் தூங்குகிற ஆளைக் கிரேனில் ஏற்றலாமா?

"கண்ண மூடிக்கிட்டா கிரேன் ஓட்டுதாரு?" என்றார் இசக்கிமுத்து. "பட்டினியா ஏத்தாதீங்க. தொடர்ந்து நைட் ஷிப்ட் போடாதீங்க. வேற ஒண்ணும் இல்ல."

மாதம் முடிவதற்குள் சுடலைமணி கூண்டில் ஏறினார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

மௌன அஞ்சலி விவகாரத்துக்கு வருகிறேன். ஒரு நிமிடம் போதும் என்று தலைவர் ஒவ்வொரு முறை சொன்னபோதும் டாக்டர் எழுந்து ஒரே பதிலைத்தான் சொன்னார். அதை நான் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்காமல் விட்டேன்; மருத்துவக் கருத்தா, சொந்தக் கருத்தா என்று தெரியவில்லை. இப்போது சேர்த்துவிடலாம்.

"மொத நிமிஷம் நம்ம வீட்டு விஷயம்தான் ஓடும் சார். கால் வலிக்கு, ஃபோன அணைச்சமா, பஸ் கெடைக்குமா. செத்தவுக ரெண்டாவது நிமிஷத்துலதான் வருவாவ. நீங்க அதத்தான் வெட்டச் சொல்லுதீங்க."

நேற்று மாலை அவருக்கான இரங்கல் கூட்டம் நடந்தது. காவேரி செம்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். சுபாங்கி வந்திருந்தார். தாராவியிலிருந்து, தலைக்கு வயர் வைத்துக்கொண்டவர்களும் அவர்களுடைய உறவினர்களும் வந்து பின்வரிசைகளை நிரப்பினார்கள். தலைவர் ராமபத்ரன் தலையில் எண்ணெய் இல்லாமல் வந்திருந்தார். முடி நாலாபக்கமும் நின்றது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மேடையில் டாக்டரின் படத்தை வைத்திருந்தோம். படத்திலும் அவர் எதிரே இருப்பவர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்ப்பதுபோலத்தான் இருந்தார்.

சுடலைமணி ஷிப்ட் முடித்து ஐரோலியிலிருந்து நேராக வந்து, மேடையோரம் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அஞ்சலி முடிந்ததும் படத்தின் மேல் திரை மூட வேண்டும். எங்கள் கூட்டங்கள் அப்படித்தான் முடியும்.

பேச வேண்டியவர்கள் பேசினார்கள். போய் வாருங்கள் டாக்டர் என்று நானும் சொன்னேன். பிறகு, புதிய தீர்மானத்தின்படி ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தேன். எல்லோரும் எழுந்து கண்களை மூடினார்கள்.

நிமிடம் முடிந்ததும் 'அமரலாம்' என்று சொல்ல வேண்டியவன் நான். கண்ணைத் திறந்து மேடையோரம் பார்த்தேன். சுடலைமணி நின்றபடியே, தூணில் தலையைச் சாய்த்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கிப்போயிருந்தார். நிலையத்தின் பெயர் ஒன்றைச் சொன்னால் விழித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது வரிசையில் நின்ற பேச்சியம்மாளுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். தலைவர் ஒரு கண்ணைத் திறந்து முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுடலைமணியைப் பார்த்தார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

நேற்று நடன வகுப்பு அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.